எட்டுக்கு நாலு

முதலில் அளந்தது உடும்பை அல்ல,
அது கிடந்த சிமெண்டுச் சாக்கை.
டாக்டர் ஷமீமா டேப்பை வாங்கி
மூக்கிலிருந்து வால் நுனிவரை ஓட்டினார்.
மூன்றேகால் அடி.
"அப்ப கூண்டு எட்டுக்கு நாலு.
திரும்பும்போது வால் மடங்கக் கூடாது."
மகஜரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.
முன்பக்கத்தில் அதற்குப் பெயர்
வழக்குச் சொத்து, எண் ஒன்று.
எண் இரண்டு, தைலப்புட்டி பதினொன்று.
எண் மூன்று, சைக்கிள்.

விரல்களை முறித்து
அந்த விரல் நரம்பையே உருவி
முதுகின் மேல் முடிந்திருந்தார்கள்.
கத்தரியை நுழைக்க இடம் தேடித் தேடி
முடிச்சை நான்தான் வெட்டினேன்.
அது என்னைப் பார்க்கவில்லை.
நாக்கு மட்டும் இரண்டாகப் பிரிந்து வந்து
என் காக்கிச் சட்டையின் வியர்வையை
எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

தேசிங்கு துறைமுகத்தில் விசைப்படகுக்கு வெல்டிங் அடிப்பவர்.
"புறாக்கூண்டுதானே மேடம்" என்று வந்தார்.
சாக்கை விலக்கிப் பார்த்தபின் கொஞ்சநேரம்
பீடியைப் பற்றவைக்காமலே வைத்திருந்தார்.
"வெறும் இரும்பு வேணாம்.
உப்புக்காத்து மூணு மாசத்துல தின்னுடும்."
வலைக்கண்ணில் தன் மூக்கை வைத்து உரசினார்.
"இதுல தேச்சுத் தேச்சுப் புண்ணாக்கிக்கும்."
அதனால் கீழே ஒன்றரை அடிக்கு
தானேயில் உடைந்த படகின் ஃபைபர் பலகை.
நீலம். அதில் மிச்சமிருந்த எழுத்து:
...மாதா துணை.

பிறகு மண்.
இரண்டடி ஆழம், குறையக் கூடாது.
கேப்பர் மலைச் செம்மண் இரண்டு பங்கு
கெடிலத்து மணல் ஒரு பங்கு
பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும்
தட்டினால் உதிர வேண்டும்.
ஜீப்பில் ஏழு நடை.
டீசல் கணக்கில் 'ரோந்து' என்று எழுதினேன்.

ஒரு மூலையில் கடப்பைக்கல், மேலே நூறு வாட் பல்பு,
ஆறுக்கு எரிந்து ஆறுக்கு அணைய டைமர்.
கல்லின் மேல் நாற்பத்தைந்து டிகிரி.
மறுமூலையில் இருபத்தெட்டு.
"ரெண்டுக்கும் நடுவுல அது நடக்கணும்.
அதோட உடம்புச் சூடு
அந்த நடையிலதான் இருக்கு" என்றார் ஷமீமா.
முங்கிக் கிடக்க என் மகளின் குளியல் தொட்டி,
ரோஸ் நிறம், பக்கத்தில் ஒரு வாத்து.
ஒளிய, கவிழ்த்த இறால் பெட்டி.
ஏற, முந்திரிக்கட்டை,
தேசிங்கு நாலு போல்ட் வைத்து முடுக்கியது.

அன்றிரவு அது இதில் எதையும் தொடவில்லை.
விடிந்து பார்த்தால்
வெறுங்கல்லின் மேல் பல்பு எரிகிறது.
நீதிமன்றத்தின் சொத்தைக் காணோம்.
பலகையைத் தட்டினேன்,
வேலை போய்விடுமே என்று எண்ணினேன்,
பிறகுதான் கண்ணில் பட்டது,
இறால் பெட்டிக்குப் பின்னே
என் முஷ்டியளவு ஓட்டை.
முறிந்த விரலால் தோண்டியிருக்கிறது.

மூன்று நாள் மூக்கு மட்டும்.
ஒன்பதாம் நாள் இரண்டு முட்டை.
பத்தொன்பதாம் நாள் கட்டையில் பாதி உயரம்,
சறுக்கி விழுந்தது. பார்க்காத மாதிரி
நான் கோப்பைப் புரட்டினேன்.

நாற்பத்துமூன்றாம் நாள் ஆணை வந்தது.
கதவைத் திறந்தோம். அது
கட்டையைக் கட்டிக்கொண்டது.
வாலருகே தட்டினால் இன்னும் இறுக்கியது.
உடும்பு வேண்டாம், கை வந்தால் போதும் என்பார்கள்.
ஷமீமா நகங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒன்றுதான் குறை.
"புடிக்குது பாருங்க, புடிக்குது" என்று சிரித்தார்,
கண்ணைத் துடைத்துக்கொண்டு.
தேசிங்கு ஸ்பானர் எடுத்துவந்து
நாலு போல்ட்டையும் கழற்றினார்.

கட்டையோடு, உடும்போடு,
நடுவீரப்பட்டுக்கு அப்பால் முந்திரிக்காட்டில்
இறக்கிவைத்துவிட்டு வந்தோம்.
எப்போது விட்டது என்று தெரியாது.

தேசிங்கின் பில் தணிக்கையில் திரும்பி வந்தது:
ஒரு பிராணிக்கு ஏழு நடை மண் எதற்கு?
பதில் இன்னும் எழுதவில்லை.
டைமரையும் நிறுத்தவில்லை.
காலை ஆறுக்கு பல்பு எரிகிறது.
கல்லின் மேல் ஓர் ஓணான்
தலையைத் தூக்கித் தூக்கிக் காய்கிறது.
அதை மகஜரில் சேர்க்கவில்லை.