தற்செயல் விடுப்பு

ஆண்டுக்குப் பன்னிரண்டு தருகிறது அரசு.
பன்னிரண்டையும் மீனுக்கு எழுதி வைப்பேன்
சனவரியிலேயே,
கருவூலத்தில் என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் நாட்காட்டியில்,
பென்சிலால், முதலெழுத்து மட்டும்.
கி என்றால் கிழங்கான்.
ஓ என்றால் ஓரா.
கொ-வுக்கு அடியில் இரண்டு கோடு.

கண்காணிப்பாளர் பூவலிங்கம் ஒருநாள் கேட்டார்,
"கொ யாரும்மா?"
கொழுந்தனார் என்றேன்.
"அடிக்கடி வருவாரோ?"
மழை பெய்தால் வருவார் சார்.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல்.
ஒன்றுக்குக் கோபம் வந்தால் மற்றது தூங்கும்.
ஆனி ஆடியில் கச்சான் அடித்துத் தென்கடல் புரளும்போது
பேருந்து ஏறித் தேவிபட்டினம் போய்விட வேண்டும்;
அங்கே தண்ணீர், தட்டில் ஆறவிட்ட கஞ்சி.
வாடை பிறந்தால் கணக்குத் தலைகீழ்:
வடக்கே நுரை, தெற்கே
சீனியப்பா தர்காவுக்கு முன்னால்
கெண்டைக்கால் ஆழத்தில் நின்று வீசலாம்.
இவ்வளவையும் தெரிந்துகொள்ள எனக்கு
ஐந்து வருடமும்
நாற்பத்தோரு வெறும் பையும் ஆயின.

செலஸ்தீன் மண்டபத்தில் செவிலி.
அவளுக்கு இரவுப்பணி அட்டவணை,
எனக்கு மாதக்கடைசி,
கடலுக்கு அமாவாசை.
மூன்றையும் ஒரே கட்டத்தில் உட்காரவைப்பது
சம்பளப் பட்டியல் போடுவதைவிடக் கடினம்.
அட்டமியில் நீர் ஓடாது, வேண்டாம் என்பேன்.
அட்டமியில்தான் எனக்கு ஓய்வு என்பாள்.
போவோம்.
நீர் ஓடாது.
தங்கூசியில் உப்பு பூக்கும்வரை
பிரசவ வார்டுக் கதைகள் சொல்லிக்கொண்டிருப்பாள்,
மிதவை ஒருமுறையாவது அசையுமா என்று
கண்ணை எடுக்காமல்.

சித்திரையில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்
அறுபத்தொரு நாள்.
கரை வரைக்கும் பாறை மீன் விரட்டி வரும்,
காரல்கள் சில்லறை கொட்டியதுபோல் துள்ளும்.
அதற்கென்று மூன்று விடுப்பு ஒதுக்கினேன் போன வருடம்.
மூன்றிலும் தணிக்கை.
ஓர் எண்பது ரூபாய் வித்தியாசத்தைத் தேடி
நாங்கள் கோப்பு புரட்டிய மதியத்தில்
சீனி அசன் போன் போட்டான்,
இறால் இரை விற்கிற பையன்:
"அக்கா, தண்ணி கொதிக்குது, எங்க இருக்கீங்க?"

குருசடைத் தீவு என் நாட்காட்டியில் கிடையாது.
அது வனத்துறைக்குச் சொந்தம்,
அங்குள்ள கலவாக்களும் அப்படியே.

புரட்டாசியில் வீட்டில் கவுச்சி இல்லை.
பிடித்ததெல்லாம் செலஸ்தீன் பங்கு.
ஒரு புரட்டாசியில்தான்
என் வாழ்நாளின் பெரிய விளைமீன் வந்தது.
குழம்பு எப்படி இருந்தது என்று
அவள் மூன்று நாள் விவரித்தாள்.

ஐப்பசி மழையில் முகத்துவாரம் உடையும்.
உப்பூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஓடை,
பெயர் சொல்ல மாட்டேன்.
கலங்கல் நீர் கடலைத் தொடுகிற கோட்டில்
கொழுந்தனார் காத்திருப்பார்.
இதுவரை ஒரே ஒருமுறை கடித்தார்.
ரீல் அழுதது, கழி வளைந்தது,
பிறகு எல்லாம் லேசாகிவிட்டது.
அறுந்த முனையை மோதிர விரலில் சுற்றியபடி
பேருந்தில் நின்றே வந்தேன்,
இருக்கை காலியாக இருந்தும்.

டிசம்பரில் இரண்டு மிச்சம்.
பதினான்காம் தேதிக்கு விண்ணப்பித்தேன்.
பதின்மூன்றாம் தேதி இரவு
பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
ஆட்சியர் விடுமுறை அறிவித்தார்.
விடுப்பு எனக்குத் திரும்பி வந்தது,
கடல் வரவில்லை.

ஒன்றைக் காய்ச்சல் தின்றது.

முப்பத்தொன்றாம் தேதி. மீதி ஒன்று,
இன்று எடுக்காவிட்டால் காலாவதி.
காரணம்: சொந்த அலுவல்.
பிறை சரியில்லை, காற்று சரியில்லை,
இரை நேற்றையது.
செலஸ்தீன் இரவுப்பணி முடிந்து
தூங்காத கண்ணோடு வந்து நின்றாள்.
நண்பகலில் ஒரு கடி.
இழுத்தால் பேத்தை.
மணலில் கிடந்து ஊதியது, ஊதியது,
நான்கு பல்லையும் காட்டிக்கொண்டு
பந்தாகிவிட்டது.
தூண்டிலைக் கழற்றி
வயிற்றில் இரண்டு விரல் வைத்துப் பார்த்து
"மூச்சு நல்லாருக்கு" என்று
அவள் தண்ணீரில் விட்டாள்.
அது கொஞ்சம் மிதந்தது,
காற்றைத் துப்பியது,
தன் அளவுக்கு வந்து இறங்கிப் போனது.

மறுநாள், சுவரிலிருந்து கழற்றும் முன்
பழைய நாட்காட்டியின் கடைசிக் கட்டத்தில்
திட்டத்தில் இல்லாத ஓர் எழுத்தை எழுதினேன்:
பே.

பூவலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
எழுந்து வருகிறார்.