தற்செயலாகக் கண்டவை

கேட்டது ஒரு கடைவாய்ப்பல்லைத்தான்.
கீழ்த்தாடை, இடப்பக்கம்,
எலும்பு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று
பாறசாலை டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.
முன்னால் வந்துபோன பையனுக்கு
முகம் முழுக்க வைத்த அளவை
குறைக்க மறந்துபோனேன்.

பதினேழு நொடி.
எந்திரம் ஒரு சுற்றுப் போய் நின்றபோது
வறுவேல், வயது அறுபத்தொன்று,
தாடை முதல் நெற்றி வரை
என் திரையில் இருந்தார்.

மூக்கின் நடுச்சுவர் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.
மேல்தாடைப் பொந்துக்குள் ஒரு குறுக்குச் சுவர்,
அண்ணன் தம்பி பாகம் பிரித்ததுபோல.
காதடியில் தொங்கும் ஊசியெலும்பு
ஒரு விரற்கடை கூடுதல்.
எதற்கும் வலி கிடையாது.
அறுபத்தொரு வருஷமாக
அதன் பாட்டுக்கு இருந்திருக்கின்றன.

அப்புறம் நெற்றி.
இரண்டு வயதுக்குள் மூடிக்கொள்ளும் தையல்
இவருக்கு மூடவே இல்லை.
மூக்கின் வேரிலிருந்து மேலே
பல் பல்லாய்க் கோர்த்தபடி ஒரு கோடு.

களியக்காவிளை சந்தை கலைகிற நேரம்.
மாடிக்குக் கீழே மீன்வண்டி ஹாரன்.
எப்போது பின்னால் வந்து நின்றாரோ,
ஈய அங்கிகூடக் கழற்றாமல்.

"இது என்ன கோடு, மோளே?"

"பயப்படாண்டாம். பிறந்தப்பவே உள்ளது.
சிலருக்கு மூடாது."

"அப்பன்கிட்டேருந்து வருமா?"

"சில குடும்பத்தில வரும்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.
கோயில் கல்லறைத் தோட்டத்தில்
குழி வெட்டுகிற வேலையாம்.
பத்தொன்பது வருஷம் முன்னால்
அம்மையை வைக்க
அப்பனுடைய குழியைத் தானே திறந்தாராம்.

"மம்பட்டி ஒரு இடத்தில டக்குன்னு தட்டிச்சு.
மண்ணத் தொடச்சுப் பாத்தா
அப்பனுக்க நெத்தி.
நடுவில நேரா, இதே கோடு.
நான்தான் வெட்டிப் போட்டேன்னு..."

கீழே பஸ் கிளம்பி, திரும்பி,
சத்தம் ஓயும்வரை பேசவில்லை.

"ஆருட்டயும் சொல்லல்ல.
பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லல்ல."

அந்த மண்டையை நான் பார்த்ததில்லை.
வெட்டாகவும் இருந்திருக்கலாம்.
"வெட்டுப்பட்டா இப்படி நெளியாது,
நேரா கீறும்" என்றேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"நெளிஞ்சுதான் கிடந்துது"
என்றார், தன் நெற்றியைத் தடவிக்கொண்டு.
பிறகு இன்னொரு தடவை,
எனக்கில்லை, "நெளிஞ்சுதான்."

அந்த ஒரு படத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்தேன்.
காசு வேண்டாம் என்றேன்.
வேண்டாத கதிரை அதிகம் பாய்ச்சியதற்கு
அதுகூட இல்லாமலா.

படத்தை இரண்டு கையிலும் பிடித்தபடி
ஈய அங்கியோடே படியிறங்கிவிட்டார்.
நாலாவது படியில் கூப்பிட்டு நிறுத்தினேன்.

அறிக்கையின் கடைசியில்
தற்செயலாகக் கண்டவை என்றொரு கட்டம் உண்டு.
நெற்றித் தையல் மூடவில்லை. நோயல்ல.
சிகிச்சை தேவையில்லை.
அதற்குமேல் எழுத அங்கே இடமில்லை.

எலும்பு பதினொன்றரை மில்லிமீட்டர்.
பல் வைக்கலாம்.