கொப்புள மேசை

வருஷத்தில் மூன்று நாள்
சைக்கிள் கடையைப் பூட்டிவிட்டு
ஹிந்தலோப்பன் பள்ளிக்கூடத்தின் ஜிம்மில்
மடக்கு நாற்காலி போட்டு உட்காருவேன்.
பதினோரு ஊர் நடக்கிறவர்கள்
ஷூவைக் கையில் பிடித்தபடி வருவார்கள்,
திருடி அகப்பட்டவர்களைப் போல.

முகம் பார்ப்பதில்லை நான்.
பார்த்தால் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டிவரும்.
பொய்யாக ஒரு பதில் வரும்.
பாதத்துக்குப் பொய் வராது.

இது ஈரக் காலுறை.
இது தம்பியிடம் கடன் வாங்கிய ஷூ.
இது போன வாரம் வாங்கியது,
கடைக்குள் நாலடி நடந்துபார்த்து
"கச்சிதம்" என்று சொல்லப்பட்டது.
இது, ஏரிக் கரைமேட்டின் சரிவில்
செம்மறிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு
நாளெல்லாம் ஒருபக்கம் சாய்ந்தே வந்த கால்:
இடது குதிகால் மட்டும் பழுத்திருக்கிறது.

கடையில் என் வேலை ஓட்டையைத் தேடுவது.
டியூபை வாளியில் அமுக்கினால்
குமிழி எழும் இடத்தில் விரல் வைப்பேன்.
இங்கே குமிழி எனக்கு முன்பே வந்து காத்திருக்கிறது.
ஓட்டையை நான் போட வேண்டும்.

சின்னது என்றால் போட மாட்டேன்.
சுற்றிலும் பஞ்சுத் துணியை வளையமாக வெட்டி வைத்து
நடுவில் அதை நிம்மதியாக இருக்கவிடுவேன்.
பெரிதாக, விண்ணென்று,
பச்சைத் திராட்சைபோல் நின்றால்தான்
ஸ்பிரிட், ஊசி.
உச்சியில் அல்ல, அடியோரத்தில். இரண்டு இடம்.
பிதுக்கக் கூடாது. அதுவாக வழியும்,
வெதுவெதுப்பாக, யாரும் அழாத கண்ணீர்.
(இந்த வரியை ஹில்கேயிடம் சொன்னேன்.
அவள் டாக்டர். "வெறும் நிணநீர்" என்றாள்.
சீழ் வைத்தவர்கள் அவள் மேசைக்குப் போவார்கள்.)

மேல்தோலை மட்டும் உரிக்காதீர்கள் என்பேன்.
எல்லோருக்கும் விரல் அரிக்கும், எனக்குத் தெரியும்.
அடியில் பிறக்கிற தோலுக்கு
அதைவிட்டால் கூரை கிடையாது.

மூன்றாம் நாள், விளக்குப் போட்ட பிறகு,
யோரித் என்று ஒருவன். பாலாடைக்கட்டிக் கிடங்கில் வேலை.
கட்டைவிரலுக்குக் கீழே ஒரு முட்டை.
ஊசியைக் கண்டதும் காலை இழுத்துக்கொண்டான்.
"என் உடம்பு செய்த தண்ணீர். என்னோடு வரட்டும்."
"இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது."
"இருக்கட்டும். என் பையில் இருக்கிற ரொட்டி
இதைவிடக் கனம்."

பேச்சுக் கொடுத்துக்கொண்டே டேப்பை வெட்டப் போனேன்.
கத்தரிக்கோல் வளையம் அழுத்தியதில்
"ஸ்ஸ்" என்றது யார்? நான்தான்.
மூன்று நாளாக எத்தனை மீட்டர் வெட்டினேனோ,
என் பெருவிரல் மடிப்பில்
பட்டாணி அளவில் ஒன்று, பளபளவென்று.

அவன் முதலில் விரலைப் பார்த்தான்.
பிறகு என் முகத்தை.
நானும் பார்த்துவிட்டேன் அவன் முகத்தை:
வெயிலில் உரிந்த மூக்கு, உறக்கமில்லாத கண்,
சிரிப்பை அடக்கத் தெரியாத வாய்.

"ஊசி போடலாமா?"
"வேண்டாம்" என்றேன், கொஞ்சம் அவசரமாக.

ஜிம் முழுக்கக் கேட்கச் சிரித்தான்.
சிரித்து முடித்து,
மேசைமேல் காலை நீட்டினான்.
"போடு."

போட்டேன். வழிந்தது. துடைத்தேன்.
போகும்போது டேப்பைப் பிடுங்கி
என் விரலில் அவனே சுற்றிவிட்டுப் போனான்,
மோசமாக, நடுவில் பெரிய சுருக்கம் விட்டு.
சுருக்கம்தான் அடுத்த கொப்புளத்துக்கு விதை
என்று மூன்று நாளாய்த் தொண்டை வற்றச் சொன்னவள்
ஏனோ அதைப் பிரித்து ஒட்டவில்லை.

காலையில் கடை திறந்தேன்.
முதல் டியூபை வாளியில் அமுக்கும்போது
டேப் நனைந்து கழன்றது.
சுருக்கம் இருந்த இடத்தில் இன்னொன்று,
கடுகளவு, புத்தம்புதிது.

உரிக்கவில்லை.

சரி,
பழையதின் ஓரத்தை மட்டும்,
கொஞ்சம்.