முப்பத்தேழாம் கட்டுத்தறி

கூடாரம் வாங்கியது ஏலகிரிக்காக.
மூன்று தவணையும் கட்டி முடித்தாயிற்று,
லீவு மட்டும் வரவில்லை.
ஒரு ராத்திரி வேணா எடுத்துக்கோ என்றார் சூப்பர்வைசர்.
ஒரு ராத்திரியில் எந்த மலை ஏறி
எந்த மலை இறங்க?

மாதவரத்தில் மூடிப்போன மாட்டுப்பண்ணை ஒன்றில்
கூடாரம் போட விடுகிறார்கள் என்று
ரோசலின்தான் கண்டுபிடித்தாள்.
தலைக்கு இருநூற்றைம்பது, பிள்ளைக்குப் பாதி,
தண்ணி கேன் தனி.
வியாசர்பாடியில் ஏறி மூலக்கடையில் மாறினோம்.
மடியில் கூடாரம், காலிடுக்கில் ஸ்டவ்.
"பந்தல் வேலையா?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.
ஆமாம் என்றேன். விளக்க நேரமில்லை.

வைக்கோல் கொட்டகையை
நன்றாகத்தான் எடுத்துக் கட்டியிருந்தார்கள்.
புது ஓடு. சுண்ணாம்புப் பூச்சு.
பழைய உத்தரத்தில் மஞ்சள் பல்புகள்.
ஒரு சாண் சுவரை மட்டும் பூசாமல் விட்டு
கண்ணாடி மாட்டியிருந்தார்கள்.
உள்ளே கரிக்கட்டையில் பால் கணக்கு:
காலை ஒன்பது, சாயங்காலம் ஆறரை,
37 உதைக்கும்.

எங்களுக்கு விழுந்தது முப்பத்தேழு.

தரை முழுக்க செங்கல்.
அடிக்க அடிக்க முளை வளைந்ததே தவிர
அரை விரல் இறங்கவில்லை.
மாடு கட்டிய இரும்பு வளையங்கள் இருந்தன,
கழுத்து உரசி உரசி
ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்தவை.
அவற்றில் இழுத்து முடிந்தேன் நான்கு கயிற்றையும்.
"உதைக்காம படு," என்றாள் ரோசலின்.

முட்டை பொரித்துச் சாப்பிட்டு
விளக்கை அணைத்த பிறகு
ஜிப்பைத் திறந்து எட்டிப் பார்த்த மெர்லின் கத்தினாள்:
"அப்பா! மலை!"

மலைதான்.
தெற்கே, வீடுகளுக்கு மேலே,
தட்டையான உச்சி, சரிந்த தோள்,
இடுப்பில் இரண்டு இடத்தில் சிவப்பாய்க் கனிந்து
புகை நிலாவுக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"நீ அதுல ஏறிகீறியா?"
"டெய்லி மூணு நடை."
"டீச்சர் கிட்ட சொல்லட்டா?"
சொல்லு, என்றேன்.
சொல்லாமல் விட்டது இது:
இரண்டாவது வளைவில் பின்சக்கரம் வழுக்கும்.
மழைநாளில் ரிவர்ஸ் எடுக்கும்போது
கடவுளும் க்ளீனரும் சேர்ந்து கை காட்ட வேண்டும்.
உச்சியில் நின்றால் துறைமுகக் கிரேன்கள் தெரியும்,
அவற்றுக்கு அப்பால் ஒரு கோடு,
அதுதான் கடல்.
பதினோரு வருடமாக லோடு லோடாக
அதன் உயரத்தில் என் பங்கும் இருக்கிறது.

பன்னிரண்டு மணிக்குக் காற்று திரும்பியது.
கிதாரோடு வந்திருந்த பையன்கள்
பாட்டை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்தினார்கள்.
யாரோ பணத்தைத் திருப்பிக் கேட்டார்.
மேனேஜர் பவானிசங்கர்
டார்ச்சும் ஊதுவத்தியுமாய்
ஒவ்வொரு கூடாரமாகக் குனிந்து வந்தார்.
"சாரி சார், தெக்கத்திக் காத்து. எப்பவாச்சும் இப்டி.
அந்தக் கார்ப்பரேஷன்காரனுங்க..."

நான் வாயைத் திறப்பதற்குள்
ரோசலின் போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்,
"எங்களுக்கு ஒண்ணும் அடிக்கல."

அவளுக்கு அடித்தது. கல்யாணமான முதல் வருடம்
என் காக்கிச் சட்டையைக்
குச்சியால் தூக்கிப் போட்டு ஊறவைத்தவள்.
இருட்டில் அவள் கால் என் காலைத் தேடி வந்து
லேசாக
உதைத்தது.

விடியற்காலையில் கொக்குகள்
மலையை நோக்கி ஷிஃப்டுக்குப் போயின.
கூடாரத்தை மடித்தோம்.
விரித்தது உறைக்குள் திரும்பப் போகவில்லை.
எத்தனை மடிப்பு மாற்றினாலும்
ஒரு முழம் வெளியே துருத்தியது.
நகருங்க, என்றேன்.
முட்டியை ஊன்றி
காற்றெல்லாம் சீறிக்கொண்டு போக
ஒரே அழுத்து.

கற்றுக்கொண்ட தொழில்.
மெர்லின் கைதட்டினாள்.