நூற்று அறுபத்திரண்டு படிகள்

எண்ணெய் தீர்ந்தால்
காலி பாட்டிலை ஷூவுக்குள் செருகிவிடுவேன்.
வால்பராய்சோ மலையில் மறதிக்கு விலை
நூற்று அறுபத்திரண்டு படிகள்,
இறங்க ஒருமுறை, ஏற ஒருமுறை.

குடை மாட்டும் ஆணியிலேயே சாவி.
கேஸ் ரசீது கண்ணாடியில், என் நெற்றி தெரியும் இடத்தில்:
பல் தேய்க்கும்போதெல்லாம் கடன்காரி முகம்.
ஜோடி தொலைத்த காலுறைகளுக்கு ஒரு டப்பா.
அதற்கு நாடாளுமன்றம் என்று பெயர்.

"இஸ்மேனியா, உனக்குத் தலை ஓரிடத்தில் நிற்காது."
பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னான் எவரார்தோ.
உண்மைதான்.
அதனால்தான் அதை வீடெங்கும்
கொஞ்சம் கொஞ்சமாய் மாட்டி வைத்திருக்கிறேன்.

செவ்வாய் பின்னிரவு
மலை தோளைக் குலுக்கியது.
கரண்ட் போயிற்று. அலமாரியில் தட்டுகள் பல்லை நறநறத்தன.
கட்டில் காலில் கட்டிய பைக்குள் கைவிட்டேன்:
ஷூ. டார்ச்.
கேஸ் குழாய்த் திருகில் சுற்றிய கம்பளி நூலை
விரல்களே தேடிப் பிடித்து மூடின.

தெருவில் எல்லாரும் வெறுங்கால்.
மேல்வீட்டுப் பொறியாளர் நடுங்கியபடி,
"இன்னொரு டார்ச் இருக்குமா?" என்றார்.

இருந்தது.

விடிந்ததும் கடைக்கு இறங்கினேன்.
கடைசிப் படியில்தான் தெரிந்தது:
கையில் பாட்டில்,
மேலே பணப்பை.