ஒன்பதாவது தூண்

ஆறாவது கீமோ முடிந்த வாரம்
பினாங்கு மார்க்கெட் ஸ்ட்ரீட் அஞ்சடியில்
நான்கு தூண் நடந்தேன்.
ஐந்தாவதில் சாய்ந்துகொண்டேன்.

கேமரா முக்கால் கிலோ.
தூங்கும் பிள்ளையைப் போல் கனத்தது.

எதிரே ஐஸ்கட்டி அறுத்துக்கொண்டிருந்த கமாலுதீன்
"மொட்டை எந்தக் கோயிலுக்கும்மா?" என்றார்.
"ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு."
ரம்பம் நின்றது.
அந்த முகத்தை எடுத்தேன்.

படம் கலங்கியிருந்தது.
என் கையா, அவர் கண்ணா,
எது ஆடியதென்று தெரியவில்லை.

எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"நல்லா வரல. நாளைக்கு வா,
ஏழு மணிக்குப் பெரிய கட்டி இறங்கும்."

டாக்டர் எதைக் கேட்டாலும்
பார்க்கலாம் என்பார்.
இவர் மணி சொன்னார்.

இன்று ஒன்பதாவது தூண்.
மூச்சைப் பிடித்து அழுத்துகிறேன்.
கமாலுதீன் நிமிரவேயில்லை, அவருக்கு வேலை.
ரம்பம் ஓடுகிறது,
பனித்தூள் பறக்கிறது
ஒவ்வொரு துகளும்
தனித்தனியாய்.