கூடு

காலையில் வலங்கைமானில், தாலி ஏறி
சாப்பாட்டுப் பந்தி தொடங்கிய நேரம்
மண்டப வாசலில் என் கார் ஊளையிட்டது.
ஒரு வாரமாக ரிமோட் பூட்டும், திறக்காது.
சாவியை நுழைத்துத் திறந்தால்
என்னைத் திருடன் என்று நினைத்துக்கொள்கிறது.
பெண்ணின் மாமா இலையை விட்டு எழுந்து வந்து
"யாருப்பா அது, அபசகுனமா" என்றார்.
சற்றுமுன்தான் என் கையில்
ஐந்நூறு ரூபாய் திணித்த மாமா.

தஞ்சாவூர் ஷோரூமுக்குப் போன் போட்டேன்.
முழுசாத்தான் மாத்தணும் சார்,
ஒன்பதாயிரத்து இருநூறு, வரி தனி.
ஆவணியில் அது மூன்று முகூர்த்தம்.
ஆடியில் அது எங்கிருந்தும் வராத பணம்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தார்கள்.
எப்போது திறக்கும் என்பதை
பஸ் டிரைவர்களே இறங்கி நின்று பந்தயம் கட்டுவார்கள்.
கேட்டுக்கு நாற்பதடியில் நசீராவின் செல்போன் கடை.
கேட் போட்டால்தான் அவளுக்கு வியாபாரம்,
வெள்ளரிப்பிஞ்சு விற்பவருக்கும் அப்படியே.

சாவியை வாங்கியவள்
அவித்த கடலையைப் பிளப்பதுபோல்
கட்டைவிரல் நகத்தால் ஓட்டைப் பிளந்தாள்.
உள்ளே ஒரு பச்சைத் தகடு, நாணயம் போலொரு பேட்டரி,
மூலையில் கறுப்பாக, நொய்யரிசி அளவில் ஏதோ ஒன்று.
"இதைத் தொலைச்சா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.
போன மாசம் ஒருத்தர் புது ஓடு வாங்கி மாட்டிட்டு
பழசைக் குப்பையில போட்டுட்டாரு, இதோட சேத்து.
குப்பை வண்டி பின்னாடியே ஓடினாரு
மூணாறு தலைப்பு வரைக்கும்."

பேட்டரியை மாற்றினாள்.
பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தகட்டைத் துடைத்தாள்.
மஞ்சளாக வந்தது. சந்தனமாக இருக்கும்.
பிறகு ரப்பரை வெளிச்சத்தில் பிடித்து
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"பூட்டுற பட்டன் புதுசு மாதிரி இருக்கு.
திறக்கிறது மட்டும் குழிஞ்சு கிழிஞ்சிருக்கு.
திறக்கறப்ப மட்டும்
விரல்ல என்னத்த மாட்டிக்கிறீங்க?"

சட்டைப் பையிலிருந்த பாக்குப் பொட்டலத்தை
மேசையில் கவிழ்த்தேன்.
உருண்டன ஆறு. நாலு விரலுக்கு நாலு, உபரி ரெண்டு.
"என்னங்க இது, பல்லா?"
கூடு என்றேன். துணிக்கீற்று, மைதாப் பசை.
தவிலுக்கு விரலில் மாட்டுவது.
வாசிக்கப் போகும்போது வெறும் விரலால் பூட்டுகிறேன்.
வாசித்து முடித்து அடுத்த மண்டபத்துக்கு ஓடும்போது
கழற்ற நேரமிருப்பதில்லை.
ஐந்து வருடம் ஒரு பட்டனைத்
தோல் என்று நினைத்து அடித்திருக்கிறேன்.

இந்த மாடல் ரப்பர் திருச்சியிலிருந்து வரவேண்டும், நாலு நாள்.
நாளை மன்னார்குடியில் நிச்சயதார்த்தம்.
உபரிக் கூடு ஒன்றின் நுனியை
அவளுடைய நகவெட்டியால் வெட்டிக் கொடுத்தேன்.
உப்புத்தாளில் ரெண்டு இழுப்பு, துளி பசை,
ஓட்டைமேல் வைத்து அழுத்தி
குழந்தையின் சிராய்ப்புக்கு ஊதுவதுபோல் ஊதினாள்.
"அமுக்குங்க."

கேட் வரிசையில்
நெல்மூட்டை லாரிக்கும் டவுன் பஸ்ஸுக்கும் நடுவே
என் கார் ரெண்டு தரம் கண் சிமிட்டியது.
சத்தமில்லை.

பேட்டரி ஐம்பது, கூலி முப்பது.
பட்டனுக்கு எவ்வளவு என்றேன்.
"அது உங்க சரக்குதானே."
ரப்பருக்கு நூறு ரூபாய் முன்பணம் வைத்துவிட்டு வந்தேன்.
இது மைதா. ஐப்பசி மழையில் கூழாகிவிடும்.
அதற்குமுன் கரப்பான் மோப்பம் பிடித்தால் அதற்கு விருந்து.

இருந்தாலும் கொரடாச்சேரி வரும்வரை
சாவித்துளையில் தொங்கிய ரிமோட்டை
இடது கையால் தட்டிக்கொண்டே வந்தேன்.
கழி பிடிக்கிற கை, அதற்கு விரல்பாடம் கிடையாது.
தப்பும் தவறுமாக ஒரு தா, ஒரு தொம்.
நாலு கதவும்
எதற்கென்று தெரியாமல் சும்மா வந்தன.